தலைச்சன் பிரசவத்துக்குப் போன குதிரை

நாட்டுக் குதிரைகளைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு விதி இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிண்டிப் பந்தயத்தில் சீமைக் குதிரைகளோடு ஓடி நம்மூர்க் குதிரைகள் ஜெயிக்க முடியாது. அதனால் ஒரு பந்தயத்தைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். குதிரை சென்னை மாகாணத்தில் பிறந்திருக்க வேண்டும், வளர்த்தவர் இங்கேயே குடியிருக்க வேண்டும். மயிலாப்பூரில் வக்கீலாக இருந்த என் வீட்டுக்காரர், அந்த ஒரு பந்தயத்தை நம்பித்தான் எங்கள் அடையாற்றுத் தோட்டத்தில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு செவலைக் குட்டியை வளர்த்தார். அதில் ஓடினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குட்டியோ என்னைக் கண்டாலே புடவைத் தலைப்பைக் கவ்வி இழுக்கும்.

பந்தயக் கமிட்டியார் கேட்டது ஒரே கேள்விதான். குட்டி எங்கே பிறந்தது? இவர் பெருமையாக, "பெங்களூரில்" என்றாராம். தாய்க்குதிரையை அங்கே ஒருவரிடம்தான் வாங்கியிருந்தார். அது நிறைசினையானதும் ரயிலேற்றி அவரிடமே அனுப்பிவைத்தார். அன்றைக்கு நான் சிரித்தபோது இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடி சிரிக்கறே? தலைச்சன் பிரசவம். பொறந்தாத்துக்கு அனுப்பாம இருப்பாளா?"

ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற மனுஷர்! பெங்களூர் மைசூர் ராஜ்யத்தில் இருக்கிறது, மாகாணத்தில் இல்லை. எங்கள் குட்டி அந்நியக் குதிரையாகிவிட்டது.

அதுகூடப் போகட்டும். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது எது தெரியுமா? ஒரு துரையின் குதிரை. அதன் தாய் சீமையிலேயே சினையாகி, கப்பலில் வந்து, இங்கே இறங்கி ஈன்றது. துரை இங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி, எங்கள் தோட்டத்துக்கு எதிர் பங்களாவில் தொங்கிய பெயர்ப்பலகை. தோட்டக்காரனைத் தவிர அங்கே ஈ காக்காய் கிடையாது. துரை எப்போது வருவார் என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன்.

"போர்டுதாம்மா கீது. தொரைய நானே பாத்ததில்ல."

அந்தத் துரைக்குத்தான் உள்ளூர் வளர்ப்பாளர் என்று வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தூ, வெட்கங்கெட்டவர்கள். மறுமாதமே எங்கள் குட்டியை யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே வரவில்லை.

சில வருஷம் கழித்து, லஸ் முனையில் ஜட்கா பிடிக்கப் போனேன். வண்டியில் பூட்டியிருந்தது செவலை. விலா எலும்பு தெரிந்தது, சேணவார் உரசிய இடத்தில் புண். நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி. கிட்டே போனதும் என் தலைப்பைக் கவ்வியது.

"பயப்படாம ஏறும்மா," என்றான் வண்டிக்காரன். "நம்மூரு குதிரதான். இங்கியே பொறந்து வளந்தது."

நான் ஏறவில்லை. வீடுவரைக்கும் நடந்தே போனேன்.