தைத்த பை

பேசி முடித்ததும் அவர் கை தானாக வலது தொடையோரம் போகும். போன் பைக்குள் இறங்காது. துணியில் வழுக்கித் தரையில் விழும். கால்சட்டைப் பைகளின் வாயைத் தைத்து மூன்று மாதமாகிறது. பதினைந்து வருடக் கைப்பழக்கத்துக்கு இன்னும் அது உறைக்கவில்லை.

செல்போன் பழுதுபார்ப்பவர். அவர் போனின் கண்ணாடிதான் சிலந்தி வலையாய் விரிசல் விட்டுக் கிடக்கிறது. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் சும்மா விடுவாரா? "ஊர் போனுக்கெல்லாம் உசிரு குடுக்குற. உன் போன் இழுத்துக்கிட்டுக் கிடக்குதேப்பா." இவரும் சிரித்து வைப்பார். காரணத்தையா சொல்ல முடியும்?

கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாச் சோதனையும் செய்து ஓய்ந்த பிறகுதான் இவரைச் சோதித்தார்கள். உயிரணுக்கள் குறைவு. போனைக் கால்சட்டைப் பையில் வைத்ததாலா என்று இவரே கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, தள்ளி வைத்தால் நட்டமில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். மூழ்குகிறவனுக்கு அந்தத் துரும்பு போதாதா? அன்றைக்கே மனைவி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, இருந்த நான்கு கால்சட்டைகளையும் தைத்து முடித்தாள்.

டாக்டரிடம் அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். 'கடை வச்சிருக்கேன்' என்றாரே தவிர, என்ன கடை என்று சொல்லவில்லை. மேசையில் எந்நேரமும் இருபது போனாவது கிடக்கும். அதையும் விடச் சொல்லிவிட்டால்? வேறு வேலை தெரியாது. அதனால் நாற்காலியை ஒரு முழம் பின்னால் போட்டுக்கொண்டார். கையை நீட்டியபடியேதான் திருகாணி முடுக்குகிறார். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகிறது.

நேற்று மதியம் மறுசோதனை முடிவு போனிலேயே வந்தது. விரிசல்களுக்கு நடுவே எண்ணிக்கையைத் தேடிப் படித்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"அதேதாம்மா. ஏறலை."

"பையைப் பிரிச்சிடவாங்க?"

"இருக்கட்டும்."

"கடையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்கதானே?"

வாடிக்கையாளர் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார். யாரும் வரவில்லை. பிரித்துப் போட்ட போன் ஒன்று மேசையில் கிடந்தது. எழுந்து நாற்காலியை இன்னும் ஒரு சாண் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார். எட்டவில்லை. மேசைமேல் கவிழ்ந்து எட்டினார்.