சுகந்தியக்கா தைத்த நாலு சட்டைகள்

சுகந்தியக்காவை டிப்பர் அடித்த செய்தி காலை ஏழு மணிக்கே எங்கள் ஆடைத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அதைப் பத்து மணித் தேநீருக்குத்தான் சொன்னார்கள். முதலே சொன்னால் லைனில் யாரும் தைக்கமாட்டார்கள் என்று சுப்பவைசர் பிறகு விளக்கம் தந்தார். அதுவரை அக்காவின் வெறும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து நான் ஆண்களின் சேட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். அக்கா இன்றைக்கு லீவாக்கும் என்று நினைத்தேன். வேலைக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்க கனகராயன்குளத்தில் வீதியைக் கடந்தவரை மணல் ஏற்றிய டிப்பர் அடித்திருக்கிறது. சாரதி பிணையில் வந்துவிட்டார். டிப்பர் மறுபடியும் ஓடுகிறது.

அக்காவை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு அவர் நல்லவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டில் அதைச் சொல்லாதவர் இல்லை. கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை என்பதற்காக, எத்தனை நல்ல காரியங்களில் அவரை வாசற்படலையோடு நிறுத்தினோம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன், என் முதற்பிள்ளை வயிற்றில் மூன்று மாதம். எந்த நேரமும் சத்தி, வாந்தி. எழும்பிப் போனால் டார்கெட் குறையும். ஒரு நாள் மூன்றாம் தடவை எழும்பியபோது சுப்பவைசர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னார்:

“விடுங்கோ சேர். இல்லாட்டி துணியிலை சத்தி எடுப்பாள். பிறகு அதை வெளிநாட்டுக்கு அனுப்பேலாது.”

லைன் முழுவதும் சிரித்தது. சுப்பவைசருக்கும் என்னை விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நான் முகம் கழுவி வந்தபோது என் குவியலில் பாதியை அக்கா தைத்து முடித்திருந்தார்.

ஏழாம் மாதம் கிளினிக்கில் ஆஸ்பத்திரிப் பைக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். பிள்ளைக்கு நாலு சட்டை. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, பிள்ளை பிறக்கமுதல் ஒன்றும் வாங்கக்கூடாது என்றார். பிள்ளை பெற்றுச் சுகமாயிருக்கும் வீடொன்றிலிருந்து பழைய உடுப்பு எடுப்பதுதான் வழக்கமாம். வாங்கத்தானே கூடாது என்று அக்கா தன்னுடைய பழைய நூல்சேலையை வெட்டி நாலு சட்டை தைத்தார். ஒரு பௌர்ணமிப் போயா லீவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தையல்கள் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தன.

மாமி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “இதென்ன, மறுபக்கமாத் தைச்சிருக்கு? ஒரு பிள்ளை இருந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்.”

“எனக்குப் பிள்ளைதான் இல்லை அம்மா, தோல் இருக்குது. தையல் உள்ளுக்கை இருந்தால் பச்சைப்பிள்ளைக்கு உரசும்.”

அக்கா போனபிறகு மாமி சட்டைகளை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். பிள்ளையில்லாதவள் கட்டின சேலை முதல் உடுப்பாக வேண்டாமாம். தொழிற்சாலையில் நியாயம் கதைக்கிற நான் அன்று வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படத்தான் வேண்டும்.

மகள் பிறந்து யாரோ வீட்டுச் சட்டையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அதன் தையல் உரசி இரண்டாம் நாளே கழுத்து சிவந்துவிட்டது. நான் போய் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், தீட்டு நீங்கும் துடக்குக் கழிவுக்கு ஊரையே கூப்பிட்டோம். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை முடித்து அவராகவே வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். விறாந்தையில் இருந்த அத்தனை பேரையும் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுத்தேன். அவர் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தாள். அக்கா அழவில்லை. சட்டைக் கையை இழுத்துப் பார்த்தார்.

“கை கொஞ்சம் நீளமாப் போச்சடி.”

மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. பிள்ளை நன்றாக நித்திரை கொண்டாள்.

போன மாதம் அக்காவின் செத்தவீட்டில் நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. பேரப்பிள்ளைகள் பந்தத்தோடு உடலைச் சுற்றி நிற்பது எங்கள் வழக்கம். பிள்ளையே இல்லை, பேரப்பிள்ளைக்கு எங்கே போவது, அதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்றார் ஒரு பெரியவர். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனேன். இது முறையில்லை, நீங்கள் சொந்தமும் இல்லை என்றார் அந்தப் பெரியவர்.

“அவா தைச்ச சட்டை போட்டு வளந்தவள். இவள் பிடிப்பாள்.”

அக்காவின் கணவர் சிவாண்ணை தலைமாட்டில் நின்றார். பந்தத்தை எடுத்து அவரே மகளின் கையில் கொடுத்தார். அவளுக்கு அது பாரம். பின்னால் வந்து, நெருப்பு முகத்தில் படாமல் அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தவர் மாமி. அதற்காக நான் மாமியை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். என்னையும்தான்.

இன்றைக்கு அக்காவின் முப்பத்தோராம் நாள். நாலு சட்டைகளில் மூன்று போட்டுப் போட்டே கிழிந்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்றை, இப்போது அக்காவின் மெஷினில் இருக்கும் பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளுக்கும் இது முதற்பிள்ளை. யார் தைத்தது என்று வீட்டில் கேட்கிறார்களாம். என்ன சொல்வதென்று பயந்து பயந்து என்னைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பெயரைச் சொல்கிறேன் என்றேன்.

வெறுங்கையோடு போகமாட்டேன். அந்தச் சட்டைக்கு அக்கா வெட்டிவைத்த தாள் அளவு என்னிடம் இருக்கிறது. அதை வைத்து இன்னும் மூன்று சட்டைகள் தைத்துவிட்டேன். தையல் வெளியேதான். கையை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.