மாமாவைக் கட்டிவைத்த பாலை மரம்

என் மாமா காட்டுப்பன்றியைச் சுட்டதை யாரும் பார்த்ததில்லை. மரத்திலிருந்து விழுந்ததை ஊரே பார்த்திருக்கிறது. குறிஞ்சாக்கேணிக்கு அப்பால், அவருடைய வயலோரப் பாலை மரத்தில் இரண்டாள் உயரத்தில் ஒரு பரண். பன்றிக்குக் காத்திருந்து கண்ணயர்ந்த வேட்டைக்காரர் ஒருநாள் பொத்தென்று கீழே வந்தார். தோள் எலும்பு முறிந்தது.

அதன் பிறகு மாமி சட்டம் போட்டார். வெறுங்கையோடுதான் ஏற வேண்டும். துவக்கைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டிப் பிறகுதான் மேலே இழுக்க வேண்டும். உட்கார்ந்ததும் மாமி தன் பழைய நூல் சேலையால் அவரை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார். முடிச்சை முன்னால் போட்டால் புழுக்கத்தில் அவிழ்த்துவிடுவார் என்று, கை எட்டாதபடி மரத்துக்குப் பின்புறம் போட்டார். பின்னேரம் மாமி வந்து அவிழ்த்தால்தான் மாமாவுக்கு விடுதலை.

நாட்டில் சண்டை தொடங்கியதும் துவக்கை ஒப்படைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தது. ஒப்படைத்தார். ஆனால் பரணை விட மனம் வரவில்லை. புறா அடிக்கவென்று கெட்டப்போல் என்கிற ரப்பர் கவணும் ஒரு பை கூழாங்கல்லுமாக ஏறினார். சேலைக்கட்டு மட்டும் மாறவில்லை.

டவுனில் எங்கள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில்லில் இருந்து பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது எனக்கு ஆறு வயது. எனக்கென்று பாலைப்பழம் மடியில் கட்டி வைத்திருப்பார் என்பதால் மாமா மேல் கொள்ளைப் பிரியம். ஒரு பின்னேரம் மாமியோடு வயலுக்குப் போனால், மரத்தடியில் ஆமிக்காரர் ஐந்தாறு பேர். எல்லாத் துவக்கும் பரணைப் பார்த்திருந்தன. மாமா வேவு பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"கை மேல. இறங்கு," என்றான் ஒருவன் அரைகுறைத் தமிழில்.

மாமா கையைத் தூக்கினார். "ஐயா, என்னைக் கட்டியிருக்கு. இறங்க ஏலாது."

அவனுக்கு அது விளங்கவில்லை. மறுபடியும் இறங்கச் சொல்லிக் கத்தினான். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

மாமி என் கையை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் மரத்தில் சாத்தியிருந்த ஏணியில் ஏறினார். "நான்தான் கட்டினனான். இந்த மனிசன் நித்திரையில விழுந்திடும். அவிழ்த்துவிடுறன், பொறுங்கோ."

வழக்கமாக மரத்தின் பின்புறக் கிளைக்கவட்டில் நின்று ஒரே இழுப்பில் அவிழ்ப்பவர், அன்று பரணிலேயே ஏறிவிட்டார். மாமாவுக்கு முன்னால் மண்டியிட்டு, நெஞ்சோடு நெஞ்சு முட்ட, இரண்டு கையையும் மரத்தைச் சுற்றிப் பின்னால் விட்டுத் துழாவினார். வாய் ஓயவில்லை. "புறா வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டனீங்களோ?"

"ஓம், ஓம்," என்றார் மாமா.

முடிச்சு அவிழ வெகு நேரம் எடுத்தது. ஏச்சைக் கேட்டு ஆமிக்காரரில் ஒருவன் சிரித்தான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். துவக்குகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கடைசித் துவக்கும் தாழ்ந்த பிறகுதான் சேலை தளர்ந்து விழுந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் மாமியோடு கதைக்கவில்லை. அவ்வளவு வேடிக்கையிலும் மாமாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்க விடாமல், தன் அகலமான முதுகால் அவரை முழுதாக மறைத்துவிட்டார் என்று எனக்குக் கோபம்.