நைனாவைக் கிள்ளும் வேலை

எங்கள் குடும்பம் ஒரே ஒரு முறைதான் வெளிநாடு போயிருக்கிறது. ஆனால் திருவொற்றியூரில் எங்கள் தெருவைக் கேட்டால், வருஷா வருஷம் போய் வருகிறவர்கள் என்று சொல்லும். அவ்வளவு பேசியிருக்கிறேன். இப்போதும் யாராவது பாஸ்போர்ட் என்று வாயெடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. அம்மாவின் அண்ணன் சிங்கப்பூரில் வீடு வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் கவலை பிடித்துக்கொண்டது. அந்தக் கவலைக்குப் பெயர் நைனா, அதாவது என் அப்பா.

ஆர்பர் என்று நாங்கள் சொல்லும் துறைமுகத்தில் நைனா சிக்னல்மேன். கப்பல் மேல்தளத்தில் நின்று, கிரேன் ஓட்டுகிறவருக்கு ஏற்று, இறக்கு என்று கை காட்டும் வேலை. அதற்கென்று அவர்களுக்குள் இரண்டு சொல் உண்டு. ஏற்று என்பதற்கான சொல் எங்கள் காதில் 'ஆபீஸ்' என்று விழும். இறக்கு என்றால் 'ஆரியா'. வீட்டிலும் அதே பாஷைதான். லாரித் தண்ணீர்க் குடத்தை அம்மாவின் இடுப்புக்கு "ஆபீஸ்" என்று ஏற்றிவிடுவார். என்னைத் தோளிலிருந்து "ஆரியா, ஆரியா" என்று அங்குலம் அங்குலமாக இறக்குவார். வாய் ஓயாத மனுஷன். கப்பல் இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை வேறு.

மாமாவின் மனைவி, என் அத்தை, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எழுத்துக்கு எழுத்து அழுத்திப் பேசுவார். அவர் முன்னால் நைனா 'இன்னா', 'கீது' என்று ஆரம்பித்தால் மானம் போய்விடும் என்பது அம்மாவின் பயம்.

"அங்க வந்து வூடு, கீதுன்னு பேசிக்கினு இருந்தே, நான் அப்படியே அடுத்த பிளேன் ஏறிடுவேன்" என்றாள்.

"நீ இப்ப இன்னா பாஷ பேசுன?" என்றார் நைனா.

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. நைனா வாயில் 'கீது' வந்தால் நான் அவர் கையைக் கிள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. நைனாவே கையை நீட்டி, "எங்க, கிள்ளு பாப்போம்" என்று பயிற்சியும் கொடுத்தார்.

போய் இறங்கிய அன்றே வேலை வந்தது. பதினோராவது மாடி ஜன்னலில் நின்று, "வூடு சோக்கா கீது மச்சான்" என்றார் நைனா. கிள்ளினேன். அத்தை சிரித்தபடி, "அண்ணன் என்ன சொல்றாங்க?" என்று மாமாவைக் கேட்டார். மாமா, சாட்சாத் எங்கள் வடசென்னை ராயபுரத்தில் பிறந்த மாமா, "வீடு அழகா இருக்குன்னு சொல்றாரு" என்று மொழிபெயர்த்தார்.

அதோடு நைனா வாயை மூடிக்கொண்டார். மிருகக்காட்சி சாலையில் வெள்ளைப் புலிக்கு ஒரு தலையாட்டல். கேபிள் காரிலிருந்து துறைமுகம் தெரிந்தபோது, வரிசைகட்டி நின்ற கிரேன்களைப் பார்த்து உதடு மட்டும் அசைந்தது. "அண்ணன் ரொம்ப அமைதியானவங்க" என்று அத்தை மெச்சினார். அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் நான்கு நாளாகக் கைக்கு வேலையே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, எல்லோரும் கடைக்குப் புறப்பட்டுக் கீழே வந்தோம். லாரியில் பொருத்திய கிரேன் ஒன்று, சாரம் கட்டும் இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தது. கை காட்ட வேண்டிய ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். நைனா நின்றுவிட்டார். குழாய்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் இருந்தவை மெல்ல நழுவின. அடியில் ஒருவர் குனிந்து மரத்துண்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"யோவ், நவுருய்யா!"

நான்கு நாள் அடைத்துவைத்த தொண்டை. குனிந்திருந்தவர் துள்ளி விலகினார். நைனா முஷ்டியை உயர்த்தினார், கிரேன் நின்றது. உள்ளங்கையைக் கீழே காட்டி, "ஆரியா… ஆரியா…" என்றார். என்னைத் தோளிலிருந்து இறக்குவது போலவே அத்தனை குழாயும் அங்குலம் அங்குலமாக இறங்கித் தரையில் உட்கார்ந்தன.

கிரேன்காரர் குதித்து ஓடிவந்தார். வங்காளதேசத்துக்காரர். அவர் மொழி நைனாவுக்குத் தெரியாது, நைனா மொழி அவருக்குத் தெரியாது.

"ஆரியா?" என்றார் அவர்.

"ஆரியா!" என்றார் நைனா.

"ஆபீஸ்?"

"ஆபீஸ்!"

இருவரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர் ஊர்த் துறைமுகத்திலும் இதே சொற்கள்தான் போல. கயிற்றை மாற்றிக் கட்டவும் நைனா கைகொடுத்தார். கிரேன்காரர் ஓடிப்போய், பிளாஸ்டிக் பையில் ஸ்ட்ரா போட்ட டீ வாங்கிவந்து நைனா கையில் திணித்தார்.

அம்மா அத்தை பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டுக்காரரு ஆர்பர்ல சிக்னல்மேன் அண்ணி! இன்னா பெரிய கப்பலா இருந்தாலும் இவரு கையப் பாத்துதான் சரக்கு எறங்கும்!"

கடமை தவறாமல் அம்மாவைக் கிள்ளினேன். முதுகில் ஒன்று விழுந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், என் நைனாவுக்குச் சிங்கப்பூர் பாஷை தெரியும் என்று சொல்லி வகுப்புக்கே இரண்டு சொல் கற்றுக்கொடுத்தேன். அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை.

வெட்கம் என்றால், அதற்கு முன் ஊர் வந்து இறங்கிய அன்று நான் செய்ததற்குத்தான். விமான நிலையத்து வாசலில் அனல் அடித்தது. "இன்னா வெயிலு கீதுபா!" என்ற நைனா, தானாகவே கையை நீட்டினார். என்னிடம் அல்ல, அம்மாவிடம். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்ஸி வரும்வரை விடவில்லை.

கிள்ள மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அதனால் நானே எட்டி நைனா கையில் கிள்ளிவைத்தேன்.