ஜீப்பைத் தூக்கிக் கட்டிய மாதம்

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார் என்றதும், "இனி உனக்கு நிம்மதி" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் போர் போடும் ரிக்கில் டிரில்லர். ஒடிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வருவார். துணி துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும்.

இப்போது முழுசாக வந்தவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாட்டுத்தொட்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினார். இரண்டு நாளில் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார். நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார். நான் பால் கறந்தால் பின்னால் வந்து நின்றார். குழம்பு கொதித்தால் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மகள் கோயமுத்தூரில் வேலைக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் என் இஷ்டத்துக்கு நடமாடிப் பழகியவள் நான். அவர் உள்ளே வந்தால் நான் வெளியே போனேன். அவர் வெளியே வந்தால் எனக்கு உள்ளே ஏதோ வேலை இருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் கிடந்த பழைய குட்டி ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும் என்றார். எங்களுக்கு மலை ஏற வேண்டிய வேலை ஏதுமில்லை. இருந்தது ஓர் ஓடைதான். அதற்கு அந்தப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் எங்கள் குச்சிக்கிழங்குக் காடு. ஓடைக்கு நடுவே பன்றி முதுகு மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். டிராக்டர் தாண்டிவிடும். முதல் நாள் ஜீப்பை விட்டதும் அடிவயிறு பாறையில் கடாங்கென்று மோதி நின்றுபோனது. பின்னால் எடுக்கப் படாதபாடு பட்டோம்.

"தூக்கிக் கட்டோணும்" என்றார் அவர். முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன். "நாலு வெரல் ஒசத்துனாப் போதும்."

அதற்கென்றே புதுசாக செட் விற்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு இன்னொரு ஜீப்பே வாங்கலாம்" என்று போனை வைத்தார். கையில் இருப்பதை வைத்தே செய்துவிடுவதென்று முடிவாயிற்று.

ஜீப்பின் உடம்பு மொத்தமும் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பட்டையின் ஒரு நுனி ஷாக்கிள் என்ற சின்ன இரும்புத் துண்டில் தொங்குகிறது. அந்தத் துண்டை நீளமாக்கினால் வண்டி உயரும். ரிக்குக்குச் சாமான் செய்கிற லேத்தில் தடித்த பிளேட்டை வெட்டித் துளை போட்டு வாங்கி வந்தார். ஒரே பகலில் மாட்டினார். வண்டி உயர்ந்துதான் போனது. அன்று சாயங்காலம் சங்ககிரி ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. எதிரே முட்டை லாரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, குடிச்சவன் நடக்கறாப்புல போகுது வண்டி."

"முன் அச்சு சாஞ்சுபோச்சு" என்றார். மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்க வந்தபோது ஷாக்கிளெல்லாம் கழன்று தரையில் கிடந்தது.

பிறகு சேலத்துக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து வேறொரு வண்டியின் பட்டைகளைத் தூக்கி வந்தார். பட்டறையில் கொடுத்து வளைவை ஏற்றிக்கொண்டார். மாட்டியதும் ஜீப் கம்பீரமாக நின்றது. ஓட்டினால் கட்டைவண்டி தோற்றது. பால் கேனை வைத்துக்கொண்டு சொசைட்டி வரைக்கும் போனதில் மூடி திறந்து என் சேலையெல்லாம் பால். எனக்கு வந்த கோபம் பாலுக்காக மட்டுமல்ல. வாசல் முழுக்க கிரீஸ். காயப்போட்ட மிளகாயில் இரும்புத்தூள். மாதம் முடியப்போகிறது, வீடு வீடாக இல்லை.

"அந்தப் பாறைய ஒடைச்சுப்போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். "இல்லாட்டி ரெண்டு லோடு கிராவல் கொட்டுனா மேடாயிட்டுப் போகுது. பாறை ஒடைக்கறது உங்களுக்குப் புதுசா?"

அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஸ்பேனர் சத்தம் நின்றது. வெளியே வராமலே பேசினார்.

"பாறையத் தொளச்சது போதும் புள்ள. தூங்குனாக்கூட காதுல கம்ப்ரசர் சத்தந்தான். அங்க இருக்கறப்ப ஊட்டுக்குப் போவோணும் போவோணும்னு கெடந்தேன். இங்க வந்தா எங்க உக்கார்றதுன்னு தெரியல. ஒரு வேல இருந்தா நீ என்னய ஒண்ணுங் கேக்க மாட்டீன்னு பாத்தேன்."

அவர் பின்னாலேயே வந்து நின்றதும் மூடியைத் தூக்கிப் பார்த்ததும் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் அவருடைய பழைய பேன்ட் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, சாக்கை விரித்து நானும் அடியில் படுத்தேன்.

"என்ன பண்ணற?"

"எதப் புடிக்கோணும், சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்த நேரமெல்லாம் ஜீப்புக்கு அடியில்தான் கிடந்தோம். ஒவ்வொரு பட்டைக் கட்டிலிருந்தும் ஒரு பட்டையை உருவிவிட்டோம். வண்டியின் முரட்டுத்தனம் அடங்கியது. முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்தார். ஜாக்கி போட்டுத் தூக்கியபோது சக்கரம் கீழே தொங்க, பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் விறைத்து நிற்பதைக் கையில் தடவிப் பார்த்துச் சொன்னேன். "அட, ஆமா. பள்ளத்துல எறங்குனா அத்துக்கிட்டுப் போயிரும்" என்றவர், அன்றைக்கே பஸ் ஏறிப் போய் நீளக் குழாய் வாங்கி வந்தார். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டை நான் முடுக்கக் கற்றுக்கொண்டேன். படுத்த வாக்கில் பேசினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ நிறையப் பேசினோம். ராஜஸ்தானில் பார்மர் பக்கம் ஒரு மணல் புயலில் மூன்று நாள் ரிக்குக்குள்ளேயே கிடந்ததை முதல்முறையாகச் சொன்னார். மகளுக்கு டைபாய்டு வந்து நான் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது.

கடைசியில் வண்டியை ஓடையில் இறக்கினார். முன் சக்கரம் ஏறி, பின் சக்கரம் ஏறி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அந்தக் கரையில் நின்றது. அடியில் எதுவும் இடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அப்படியே திருப்பி இந்தக் கரைக்கு வந்தார். திரும்பவும் போனார். நானும் ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கிளட்ச் எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்து நாலைந்து நாள் ஓட்டப் பழக்கினார்.

அதற்கப்புறம் வேலை இல்லை. வண்டியைத் துடைத்தார். டயரில் காற்றுப் பார்த்தார். மறுபடி மாட்டுத்தொட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ரிக்கில் கூட இருந்த கூட்டாளி ஒருநாள் போன் பண்ணினார். அங்கே டிரில்லருக்கு உடம்பு சரியில்லை, ஒரு சீசன் மட்டும் வந்து நில்லுங்கள் என்று. அவர் என்னிடம் சொல்லவில்லை, பேசியது என் காதில் விழுந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் போன பிறகும் தேய்த்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ தனியா..."

"எனக்குப் பழக்கந்தானுங்க."

அவர் பஸ் ஏறியதும் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று என் மேலேயே கோபமும் வந்தது. வாசலைக் கழுவினேன். மிளகாயை மறுபடி காயப்போட்டேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை.

போன வாரம் போனில் கேட்டார். "புதுசா மாட்டுன பட்டை அமுங்கும், யூ போல்ட்ட இன்னொருக்கா முடுக்கீட்டியா?"

"முடுக்கீட்டனுங்க."

"காட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"போறனுங்க."

காட்டுக்கு மட்டும் போகவில்லை என்பதைச் சொல்லவில்லை. நேற்று மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க நாமக்கல் வரைக்கும் போனவள், மூட்டையை ஏற்றியதும் திரும்பாமல் சேந்தமங்கலம் ரோட்டில் விட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. எதிரே கொல்லிமலை நீலமாக உயர்ந்துகொண்டே வந்தது. பால் கறக்க நேரமாகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.