எல்லோரும் தேர்வான நேர்காணல்

அந்த மனிதர் எழுந்து நின்று கும்பிட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. சென்னையில், வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி பதித்த ஓர் உயரமான கட்டடம். அதன் வரவேற்பறை சோபாவின் நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டை. காலடியில் ஒரு புதுப் பெட்டி. கைப்பிடியில் கடைக்காரர் கட்டிய அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மகள், மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் மேடமின் கழுத்தில் கிடந்த கல்லூரி அடையாள அட்டையை அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சட்டென்று எழுந்து, "வாங்கம்மா. நீங்கதான் கம்பெனி மேடமா? பாப்பாவ இன்னைக்கு வேலைக்குச் சேரச் சொல்லியிருக்காக. காலையிலயே வந்துட்டோம்" என்றார். அந்தக் கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாங்கள் மதுரையிலிருந்து ரயிலேறி வந்திருந்தோம். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மேடம் என்று நான் சொல்வது, மேலூர் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்பு அலுவலராக இருந்தவரை. பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'பிளேஸ்மென்ட் மேடம்'. நான் அவருடைய அலுவலகத்தில் உதவியாளர். பரவையிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேரும்போது அவர் ஏற்கெனவே வந்து, நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் படித்து முடித்திருப்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது; மரியாதை உயரும். சாதாரண நாளில் என்னை "ஏ, இங்க வா" என்பார். "கொஞ்சம் வாங்கம்மா" என்று கூப்பிட்டாரென்றால் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

அந்த ஆண்டு கல்லூரிக்கு ஒழுங்கான கம்பெனி எதுவும் வரவில்லை. கடைசி ஆண்டுப் பிள்ளைகள் முகம் வாடித் திரிந்தார்கள். பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுவார், இல்லையென்றால் அடுத்தவர் வயலில் வேலை செய்வார். அந்த நேரத்தில்தான் தாளாளர் தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு மென்பொருள் கம்பெனியை அழைத்து வந்தார். கோட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். திரையில் படம் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம், அதற்குள் சிரித்த முகங்கள், வெளிநாட்டுக் கிளைகள். மதியத்துக்குள் நேர்காணல் முடிந்தது. சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது, போனவர்கள் அத்தனை பேரும் தேர்வாகியிருந்தார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாளே தாளாளர் சாலையோரத்தில் பிரம்மாண்டமான ஃபிளக்ஸ் போர்டு வைத்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளின் முகங்களும் அதில் இருந்தன.

மேடம் மட்டும் இனிப்பை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "எல்லாருக்குமா கெடைக்கும்?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உள்ளே உன்னிடம் என்ன கேட்டார்கள்? கீழக்குயில்குடியிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். நான்கு வருடமும் வகுப்பில் வாய் திறக்காதவள். அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க மேடம். சொந்த வீடான்னு கேட்டாங்க. நெலம் இருக்கா, அம்மாவுக்கு நகை இருக்கான்னு கேட்டாங்க." படிப்பைப் பற்றி? "அதெல்லாம் டிரெய்னிங்ல பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க." எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு மேடம் என்னிடம், "கதவைச் சாத்துங்கம்மா" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கம்பெனியைத் துருவத் தொடங்கினார். அரசாங்கப் பதிவுத் தளத்தில் தேடினார். அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது, ஆனால் மசாலாப் பொடி வியாபாரத்துக்கென்று சமீபத்தில் பதிவு செய்தது. இணையதளத்தில் இயக்குநர் என்று போட்டிருந்தவரின் படத்தைத் தேடிப் பார்த்தால், அதே மனிதர் வேறு ஏதோ நாட்டில் ஒரு மெத்தைக் கடை விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார். மனிதவளத் துறை, கணக்குப் பிரிவு, பயிற்சிப் பிரிவு என்று தனித்தனி எண்கள் கொடுத்திருந்தார்கள். மேடம் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டார். எல்லாவற்றிலும் ஒரே குரல். இதற்கிடையே பிள்ளைகளுக்குக் கடிதமும் வந்துவிட்டது: சேருவதற்கு முன்பே அசல் சான்றிதழ்களை அனுப்ப வேண்டும், பயிற்சிக்கென்று டெபாசிட் கட்ட வேண்டும். மேடம் தாளாளரிடம் போய் இதையெல்லாம் சொன்னார். "கம்ப்யூட்டர்ல பாத்து என்ன தெரியும் மேடம்? நேர்ல போய்ப் பாத்தீங்களா?" என்று அவர் சிரித்தாராம். மேடம் மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்தார். துணைக்கு நான்.

அப்படித்தான் அந்த வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அது பல கம்பெனிகள் மேசைகளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் இடம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: அந்தக் கம்பெனிக்கு இங்கே அறை கிடையாது, முகவரியை மட்டும் வாடகைக்கு வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை வந்து, ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு படம் பிடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பெட்டி படுக்கையோடு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்றாள்.

அந்த அப்பா விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்; மகள் படித்தது வேறொரு கல்லூரி. மேடம் அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, தான் யார், எதற்காக வந்தோம் என்பதை நிதானமாகச் சொன்னார். அவர் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், "இல்லம்மா, அவுக நல்ல மாதிரி. வீட்டு நெலவரமெல்லாம் விசாரிச்சாக" என்றார். பிறகு செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்பா, சர்டிபிகேட்டெல்லாம் அவங்ககிட்ட இருக்குப்பா" என்றாள். அவள் இறுக்கிப் பிடித்திருந்த ஃபைலில் வெறும் நகல்கள்தான் இருந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம் வரை அத்தனை அசலும், கட்டிய பணமும் போய்விட்டன. படித்தேன் என்று காட்டக்கூட அவளிடம் ஒரு தாள் மிச்சம் வைக்கவில்லை. திருடனிலும் இப்படி ஒரு திருடன் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு புகுந்து திருடுகிறவன்கூட நகையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இவர்கள் நகை இருக்கிறதா என்று பிள்ளையையே உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, கை குலுக்கி வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறார்கள்.

மேடம் அவர்களைச் சாப்பிட அழைத்துப் போனார். பிறகு காவல் நிலையத்துக்கு. புகாரை அவரே எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் பஸ் ஏற்றிவிடும்போது அந்த அப்பா மறுபடியும் கும்பிட்டார். அன்றிரவே நாங்களும் ரயிலேறினோம்.

மறுநாள் தாளாளர் அறையில் நானும் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போர்டு வச்சாச்சு மேடம். அட்மிஷன் நேரம். இப்பப் போயி அந்தக் கம்பெனி டுபாக்கூர்னு சொன்னா நம்ம பேரு என்னாகும்? கொஞ்ச நாள் பொறுங்க. போறவன் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவான்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம்கூடக் குற்ற உணர்வு இல்லை. அட்மிஷன் முடியும் வரை பிள்ளைகளின் சான்றிதழும் பெற்றோரின் பணமும் போனால் போகட்டும் என்பதைத்தான் அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, அந்தப் புள்ளைங்க நம்ம காலேஜ் கேட்டை நம்பித்தாங்கய்யா அவங்க முன்னாடி போய் உக்காந்துச்சுங்க. ரோட்டுல எவனோ கூப்பிட்டிருந்தா போயிருக்காதுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அங்கிருந்து நேராக எங்கள் அறைக்கு வந்து, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். எண்களை நான் எடுத்துக் கொடுத்தேன்; ஒவ்வொரு வீட்டிலும் அவரே பேசினார். நன்றி சொன்னவர்கள் குறைவு. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது என்று அழுதவர்கள் அதிகம். மேலூரிலிருந்து ஒரு அப்பா கத்தியது எனக்கே கேட்டது: "கூட்டியாந்ததும் நீங்க. இப்பப் போகாதேன்னு சொல்றதும் நீங்க. எம் பையனுக்கு ஒரு வேலை கெடைச்சா ஏம்மா உங்களுக்குப் பொறுக்க மாட்டேங்குது?" மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாங்க, நாங்கதான் கூட்டிட்டு வந்தோம். அதனாலதான் நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். அந்த அப்பா கேட்கவில்லை; பணத்தைக் கட்டி, சான்றிதழ்களையும் அனுப்பிவிட்டார். பிறகு அந்தப் பையனுக்கு நகல் சான்றிதழ் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவரும் மேடம்தான்.

கீழக்குயில்குடிப் பெண் மறுநாள் வந்தாள். டெபாசிட் கட்டவில்லை, சான்றிதழ் எதுவும் போகவில்லை, தப்பித்தாய் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் மேடமைப் பார்த்துச் சொன்னாள்: "அது இல்ல மேடம். நான் நல்லாப் பேசுனதாலதான் எடுத்தாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இன்னொரு மடங்காயிற்று. ஏமாற்றுக்காரர்கள் கொண்டுபோனது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை ஒருவர் திறமைசாலி என்று சொன்னதாக நினைத்து, அதை வீட்டில் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்த பிள்ளை அவள். அதற்கு எந்த நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பது? மேடம் எழுந்துபோய்த் தன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. அவனுங்க உன்கிட்ட ஒண்ணுமே கேக்கலைல்ல. நான் கேக்குறேன்" என்றார். மதியம் வரை கேட்டார். கஷ்டமான கேள்விகள். அவள் பாதிக்கு மேல் தடுமாறினாள், ஆனால் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் வந்தாள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மேடமை அனுப்பிவிட்டார்கள். வேலைவாய்ப்பு விகிதம் குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். கம்பெனியின் இணையதளம் காணாமல்போயிற்று. கோட் போட்டவர்கள் யாரும் பிடிபட்டதாக எனக்குத் தகவல் இல்லை. சாலையோர போர்டு மட்டும் அட்மிஷன் முடியும்வரை அப்படியே நின்றது. இல்லாத கம்பெனியின் பெயருக்குக் கீழே எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். போன மாதம் கல்லூரியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. போலி வேலைவாய்ப்பு நிறுவனங்களிடம் மாணவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். தாளாளர் குத்துவிளக்கேற்றினார். நன்றாக விசாரிக்காமல் எதிலும் இறங்கக் கூடாது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேராசை அதிகம், அதனால்தான் ஏமாறுகிறார்கள் என்று பேசினார். எனக்கு உடம்பு கொதித்தது. கேட்டைத் திறந்து திருடனை உள்ளே அழைத்து நாற்காலி போட்டவர், இருபத்தோரு வயதுப் பிள்ளையைப் பார்த்து நீ ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்கிறார். முன் வரிசையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

பழைய மாணவி என்ற முறையில் கீழக்குயில்குடிப் பெண்ணையும் பேச அழைத்திருந்தார்கள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு நல்ல கம்பெனியில் இருக்கிறாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, நடந்தது அத்தனையையும் சொன்னாள். நேர்காணலில் கேட்ட கேள்விகள், போர்டு, மேடம் சென்னைக்குப் போனது, வீடு வீடாகப் போன் செய்தது. குரல் நடுங்கவே இல்லை. கடைசியில், "எங்களுக்காக விசாரிச்சவங்க ஒரே ஒருத்தங்கதான். அவங்க ஏன் இப்ப இந்தக் காலேஜ்ல இல்லைன்னு நீங்க எல்லாரும் சார்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஏன் சார் இல்ல?" என்று கேட்டான். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாட்டுப்பண் போடச் சொல்லி யாரோ சைகை காட்டினார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே மேடமுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சொன்ன கடைசி வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அழுவாரோ என்று நினைத்தேன்.

"அவ இப்ப எங்க வேலை பாக்குறா?" என்றார்.

சொன்னேன்.

"நல்ல கம்பெனிதானா? விசாரிச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவள் அங்கே சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது மேடம், சம்பளம் ஒழுங்காக வருகிறது, சான்றிதழெல்லாம் அவள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.