அம்மா திருப்பிச் சொல்வாள்

கல்யாணமாகி, மராத்தி பேசுகிற ஊரான கட்கிக்கு வந்தபோது அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அப்பா காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டால், வாசலுக்கு வருகிற எல்லோரும் ஹிந்தியிலோ மராத்தியிலோதான் பேசுவார்கள். எதற்கு வம்பு என்று அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைப்பாள். ஒருநாள் பால்காரர் நீளமாக ஏதோ கேட்டார். அதற்கும் ஆட்டினாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் பால் வரவில்லை. ‘நான் ஊருக்குப் போகிறேன், திரும்பி வரும்வரை பால் வேண்டாம்தானே?’ என்று அவர் கேட்டிருக்கிறார். வாரம் முழுக்க வரக்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போன அப்பா என்னவெல்லாம் சொன்னார் என்று அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை.

அதோடு தலையாட்டுவதை விட்டுவிட்டாள். யார் எது சொன்னாலும் ‘மத்லப்’ என்று ஆரம்பிப்பாள். ‘அதாவது’ என்று அர்த்தம். கேட்டதைத் தன்னுடைய ஓட்டை ஹிந்தியில் சொன்னவரிடமே திருப்பிச் சொல்வாள். அவர் ஆமாம் என்ற பிறகுதான் பதில். ஹிந்தி நன்றாகப் பழகிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் தமிழிலும் அதே கதைதான். நான் பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்துவிட்டு “பசிக்குது” என்றால்கூட, “பசிக்குதுன்றே” என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுப்பாள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா சண்டைக்கு வந்த அன்று நான் அசந்துபோனேன். எங்கள் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர், அவர் கீழே காயவைத்திருந்த அப்பளத்தின் மேல் கொட்டிவிட்டது. படியேறி வந்து நின்று, மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தார். அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “மத்லப், மேரா பானி, ஆப்கா அப்பளம். சுபஹ் ஸே மெஹனத். சப் கராப்” என்றாள். காலையிலிருந்து நீங்கள் பட்ட பாடெல்லாம் என் தண்ணீரால் வீணாகிவிட்டது என்று சொல்கிறீர்கள், இல்லையா? அவ்வளவுதான். வந்தவர் இன்னும் நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. “ஹோ” என்றார், ஆமாம் என்று. இன்னொரு தரம் “ஹோ” என்றார். அப்புறம் எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சண்டைக்கு வருகிறவர்களின் கோபத்தில் பாதி, தாங்கள் சொல்வது எதிராளியின் காதில் ஏறவில்லை என்பதுதான். ஏறிவிட்டது என்று தெரிந்தால் ஆள் இறங்கிவிடுகிறார். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிற்பாடு அலுவலகத்தில் பேச்சுக்கலை பற்றி எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். கோட்டு போட்டவர் ஒருவர் திரையில் படம் போட்டு இதையே விளக்கியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா விஷயம் வந்தது இரண்டாயிரம் பிறந்த புதிதில். அவள் தளேகாவ் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவாள். கூட வேலை பார்த்த, அந்த ஊரிலேயே வீடு இருந்த மராத்திப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசை என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். “அப்பா சம்மதிச்சாத்தான் கட்டிக்குவேன். இல்லேன்னா அவரையும் கட்டிக்கல, வேற யாரையும் கட்டிக்கல” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே அறையில் இருந்துகொண்டு, “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று என்னிடம் சொல்வார். “எனக்குப் பசியில்லேன்னு சொல்லு” என்று அவளும் என்னிடமே சொல்வாள். மாதக்கணக்கில் நான் தபால்காரி வேலை பார்த்தேன்.

கடைசியில் அம்மாதான், அவர்களை வரச் சொல், உட்கார்ந்து பேசுவோம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். தொழிற்சாலையில் அத்தனை வருஷம் இருந்து, மராத்தியில் கெட்ட வார்த்தைவரை தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற அப்பா, அன்றைக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் பேசியதை அவர்களிடம் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்ற பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அப்பா சொன்னதை அப்பாவிடமே திருப்பிச் சொல்லி, “சொல்லட்டுமா?” என்று கேட்டு, அவர் சொல் என்ற பிறகு ஹிந்தியில் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“எங்க சொந்தத்துல யாரும் இப்பிடிப் பண்ணதில்ல” என்றார் அப்பா.

“நம்ம சொந்தத்துல யாரும் இப்பிடிப் பண்ணதில்லன்றீங்க. சொல்லட்டுமா?”

“சொல்லு.”

சொன்னாள். பையனின் அம்மா பெருமூச்சு விட்டு, எங்கள் வீட்டிலும் யாரும் செய்ததில்லை, நானும் அழுதேன், ஆனால் பையன் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை என்றார். அம்மா அதைத் தமிழில் சொன்னபோது அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“இவ எனக்குப் பொண்ணே இல்ல. எங்கியோ போவட்டும்.”

அக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் ‘பெரியவர் யோசிக்கிறார்’ என்று ஏதாவது பூசி மெழுகியிருப்பார்கள். அம்மா எப்போதும்போல அப்பா பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை, குத்தலுமில்லை.

“இவ உங்களுக்குப் பொண்ணே இல்ல, எங்கியோ போவட்டும்ன்றீங்க. சொல்லட்டுமா?”

அப்பா அவளையே பார்த்தார். தன் வாயிலிருந்து வந்ததை வேறொரு வாயிலிருந்து கேட்ட மனிதரின் முகம் எப்படி ஆகும் என்று அன்றுதான் கண்டேன். அவசரமே படாமல் அம்மா காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்காக அவள் காலில் விழலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

“வேணாம்” என்றார் அப்பா. “அதைச் சொல்லாத.”

“சரி. இன்னா சொல்லணும்?”

அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் மெதுவாக, “தளேகாவ்லருந்து கட்கிக்குக் கடைசி லோக்கல் எப்போன்னு கேளு” என்றார்.

“கடைசி லோக்கல் எப்போன்னு கேக்குறீங்க. சொல்லட்…”

“இரு. நானே கேக்குறேன்.”

பையனுடைய அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியைச் சுத்தமான மராத்தியில் கேட்டார். அந்த மனிதர் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ராத்திரி ரொம்ப நேரம்வரைக்கும் இருக்குதுப்பா.”

அப்பா என்னைத் தேடவில்லை. நேராக அவளைப் பார்த்து, “அப்போ சரி. நெனச்சப்ப வந்துட்டுப் போவலாம்” என்றார்.